ஜோடிக் கடிகாரம்

இத்தா முடிந்து வஹீதா முதல் தடவையாக வீட்டு வாசலைத் தாண்டிய நாளில் அவள் போக வேண்டியிருந்தது ஒரு கடிகாரப் போட்டிக்கு. கொழுந்தன் வீட்டில் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். புருஷன் மௌத்தாகி நாலு மாசத்துக்கு மேல் வெளி ஆம்பளை முகம் பார்க்காமல் இருந்தவள், வெளியே வந்ததும் நேரே கன்டோன்மென்ட் கிளப்புக்கா போவாள்? தர்காவுக்குப் போய் ஃபாத்திஹா ஓதிவிட்டு வரட்டுமே என்றார்கள். ரெண்டுக்கும் போகிறேன் என்று வஹீதா சொல்லிவிட்டாள். காலையில் நத்தர்வலி தர்கா, சாயங்காலம் கிளப்.

அவள் அப்படி உறுதியாக நின்றதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் தாஜுதீனுக்குச் செம்பட்டில் தோல் மண்டி. பகல் முழுக்க அந்த நெடியில் நின்றுவிட்டு வந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு பீரோவைத் திறந்தாரென்றால் அப்புறம் அவர் வேறு ஆள். உள்ளே வரிசையாக அவருடைய கடிகாரங்கள் இருந்தன. ஒமேகா இருந்தது, லாஞ்சின்ஸ் இருந்தது, ஏதோ ஜமீன்தார் இடுப்பில் தொங்கிய பாக்கெட் வாட்ச் இருந்தது. மெட்ராஸுக்குப் போனால் மூர் மார்க்கெட்டில் ஒரு பகல் முழுவதும் குந்தியிருந்து ஒரு வாட்சோடு திரும்புவார். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது, சினிமாகூடக் கிடையாது. இந்த ஒரு கிறுக்குதான். திருச்சியில் அவரைப் போல ஏழெட்டுப் பேர் சேர்ந்து பழைய கடிகாரப் பிரியர்கள் சங்கம் என்று வைத்துக்கொண்டு, ஊரறிய ஒரு கண்காட்சியும் போட்டியும் நடத்த வேண்டும் என்று ரெண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தாறாம் வருஷம் ஏப்ரல் மாசம் என்று தேதி குறித்தார்கள். தாஜுதீன் அதற்கு முந்தின நவம்பரிலேயே போய்விட்டார்.

இத்தா இருந்த மாசங்களில் அந்த அறையின் அமைதி வஹீதாவால் தாங்க முடியாததாக இருந்தது. அதனால் அவளே பீரோவைத் திறந்து எல்லாக் கடிகாரங்களுக்கும் சாவி கொடுத்தாள். எதற்கு எத்தனை திருகு என்று அவர் செய்வதைப் பார்த்தே அவளுக்குப் பழக்கம்.

சங்கத்துத் தலைவர் டாக்டர் அடைக்கலராஜ், பல் டாக்டர், மார்ச் மாசத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். வஹீதா திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, மகள் சுராயாவிடம்தான் பேசினார்.

“ஆளுக்கு ஒரு வாட்ச்தாம்மா வைக்கலாம். அத்தா எதை வைக்கணும்னு என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க. அந்த நீல வளையம் போட்ட தங்க வாட்ச். நான் சண்டையே போட்டேன். ஜமீன் பாக்கெட் வாட்சைக் கொண்டு வாங்க பாய், கண்ணை மூடிக்கிட்டு முதல் பரிசு குடுத்துடுவாங்கன்னேன். கேக்கவே இல்லை. வச்சா இதைத்தான் வைப்பேன்னுட்டாங்க. நீங்களாவது கொண்டு வரணும்.”

திரைக்குப் பின்னால் வஹீதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தங்க வாட்சை அவர் யாருக்கும் காட்டியதில்லை. கட்டியதும் இல்லை. மற்றதற்கெல்லாம் வெள்ளிக்கிழமை சாவி கொடுத்தால் இதற்கு மட்டும் தினம் காலையில் கொடுப்பார். சுராயாவின் நிக்காஹ் அன்று, மாப்பிள்ளை கையில் அதைக் கட்டிவிடலாமே என்று வஹீதா கேட்டாள். “அது மட்டும் வேணாம்” என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போனார். அதட்டியிருந்தால் அவள் மறந்திருப்பாள். அவர் குரல் அன்றைக்குக் கெஞ்சுவது போல இருந்தது. அதனால்தான் மறக்கவில்லை. அந்த வாட்சை அவர் ஊர் பார்க்க வைக்கச் சொன்னார் என்றால் அது அவருடைய கடைசி ஆசை என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

கிளப்பின் பெரிய ஹாலில் பச்சைத் துணி விரித்த நீள மேஜைகள். ஒவ்வொரு கடிகாரமும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு பக்கம் ஆண்கள் கட்டுவது, எதிர்க் கோடியில் பெண்கள் கட்டுவது. காரைக்குடியிலிருந்து செட்டியார்கள் வந்திருந்தார்கள், துறையூர் மிராசுதார் ஒருத்தர் வந்திருந்தார், கைலாசபுரத்திலிருந்து இன்ஜினீயர்கள் குடும்பத்தோடு வந்து ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார்கள். தாஜுதீனின் வாட்சுக்கு முன்னால் அவருடைய பெயர் எழுதிய அட்டை இருந்தது. சுராயா அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். வஹீதா அழவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. துப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் தொடங்கியதும் டாக்டர் மைக் பிடித்தார். வரவேற்றுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இந்தப் போட்டிக்கு உயிர் கொடுத்தவர், நம்ம சங்கத்தைத் தொடங்கினவர்ல ஒருத்தர், தாஜுதீன் பாய் இன்னைக்கு நம்மகூட இல்லை. போன நவம்பர்ல காலமாயிட்டார். அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்” என்றார்.

நாற்காலிகள் நகரும் சத்தம். எல்லாரும் எழுந்தார்கள். வஹீதாவுக்கு ரெண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் எழவில்லை. காதோரம் நரைத்த தலை, வெளிர் நிறக் கைத்தறிச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. பார்த்தால் டீச்சர் என்று சொல்லலாம். எழுந்திருக்க முயன்று நாற்காலிக் கையைப் பிடித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. முகம் முழுக்க வேர்த்துவிட்டது.

நிமிஷம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் வஹீதா பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தாள். தான் கொண்டு வந்திருந்த பிளாஸ்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். துப்பட்டி ஓரத்தால் விசிறினாள்.

“உடம்புக்கு என்னங்க? டாக்டரைக் கூப்பிடட்டுமா?”

“வேணாங்க. வெயில்ல வந்தது. ஒண்ணுமில்லை.” ரெண்டு மடக்குக் குடித்தாள். மேடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “இப்ப சொன்னாங்களே, அவரு… எப்படி?”

“நெஞ்சு வலிங்க. என் வீட்டுக்காரங்கதான்.”

அந்த அம்மா திரும்பி வஹீதாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை வஹீதா அதற்கு முன் யாரிடமும் பார்த்ததில்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை, பிறகு கைகளை, பிறகு பக்கத்தில் இருந்த சுராயாவை, சுராயாவின் புருவத்தை, நிதானமாக, ஏதோ தொலைத்த இடத்தில் தேடுவது போலப் பார்த்தாள். அப்புறம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, “ரொம்ப நன்றிங்க” என்றாள்.

மெட்ராஸிலிருந்து வந்த நடுவர்கள் ஒவ்வொரு கடிகாரத்தின் பின்மூடியையும் கழற்றி, கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களும் டாக்டரும் தலையோடு தலை சேர்த்து ஏதோ பேசினார்கள். டாக்டர் எதிர்க் கோடி மேஜைக்கு ஓடினார், திரும்ப ஓடி வந்தார். மைக்கைப் பிடித்தபோது அவருக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

“இப்படி ஒரு அதிசயம் எந்த ஊர்ப் போட்டியிலயும் நடந்திருக்காதுங்க! தாஜுதீன் பாயோட வாட்சும், ஸ்ரீரங்கத்துலேர்ந்து வந்திருக்கிற ரோசரி டீச்சரோட லேடீஸ் வாட்சும் ஒரே ஜோடி! ஜெனீவாவில கல்யாண ஜோடிக்குன்னே செஞ்சது. அதே நீல வளையம், அதே முள். உள்ளே இருக்கிற நம்பர்கூட அடுத்தடுத்த நம்பர். இந்த ஜோடியை யார் பிரிச்சாங்களோ, எத்தனை வருஷம் பிரிஞ்சு இருந்துச்சோ, இன்னைக்கு நம்ம ஹால்ல ஒண்ணு சேந்திருக்கு. முதல் பரிசு ரெண்டு பேருக்கும் சேர்த்து!”

ஹால் முழுக்கக் கைதட்டியது. வஹீதாவின் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்தாள். இவள்தான் ரோசரி டீச்சர்.

அந்தக் கைதட்டலுக்குள்ளேயே வஹீதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் நாத்தனார் ஹாஜிரா ஒரு தடவை வாய்தவறிச் சொன்னாள், கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனுக்கு மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பொண்ணு விஷயம் இருந்தது, வாப்பாவே அண்ணன் காலில் விழுந்து தடுத்தார் என்று. பத்தொன்பது வயதில் வஹீதா அதைக் கேட்டு ஒரு நாள் அழுதாள். அப்புறம் அவர் ஒரு குறையும் வைக்காததால் அந்தப் பேச்சைத் தூக்கி எங்கேயோ போட்டுவிட்டாள். இப்போது அது வெளிர் நிறக் கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு அவள் முன்னால் மேடைக்கு நடந்துபோனது.

மேடையில் டாக்டர், “டீச்சர், உங்களுக்கு இது எப்படிக் கிடைச்சது?” என்று கேட்டார்.

“எங்கப்பா வாங்கிக் குடுத்தது” என்றாள் ரோசரி.

“பாய், பொன்மலையில ஒரு ரயில்வே துரை ஊருக்குப் போறப்ப ஏலத்துல எடுத்ததா சொன்னாங்க. தனியாத்தான் கிடைச்சதுன்னாங்க. ஏலத்துக்கு முந்தியே இது பிரிஞ்சிருக்கு போல!”

அதே ஏலக் கதையைத்தான் வஹீதாவிடமும் அவர் சொல்லியிருந்தார். தனியாகத்தான் கிடைத்தது என்று.

பேப்பர்காரர் படம் எடுக்க வேண்டும் என்றார். ரெண்டு பேரையும் அருகருகே நிறுத்தி, நடுவில் வெள்ளிக் கப்பைக் கொடுத்தார்கள். “கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார் அவர். சுராயா கீழேயிருந்து கைதட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்காக வஹீதா சிரித்தாள். ரோசரி கப்பின் மறுபக்கக் காதைப் பிடித்துக்கொண்டு, தாஜுதீனின் வாட்ச் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு அழக்கூட இடமில்லை என்று வஹீதாவுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகவே தன் மேல் கோபம் வந்தது.

கப்பை யார் வைத்துக்கொள்வது என்று வந்தபோது ரோசரி அதைச் சுராயா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் சுராயா அந்தக் கப்பை ஷோகேஸில் வைத்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்க அத்தாவோட வாட்சுக்கு ஜோடி கிடைச்சிருச்சு தெரியுமா?” என்று கதை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வஹீதா டீ போடும் சாக்கில் எழுந்து உள்ளே போனாள். அடுப்புக்கு முன்னால் நின்று யோசித்தாள். வைத்தால் இதைத்தான் வைப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தது எதற்காக? பேப்பரில் செய்தி வரும், ரோசரி பார்ப்பாள், வருவாள் என்றுதானே? அவளும் அதையே நினைத்துத்தானே வந்திருக்கிறாள்? ஒரு ஹாலின் இந்தக் கோடியில் ஒருத்தரும் அந்தக் கோடியில் ஒருத்தருமாக ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருக்கலாம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளாமலே திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சாயங்காலத்தில் தனக்கு என்ன இடம் என்று வஹீதாவுக்குத் தெரியவில்லை. அவருக்கு வேஷ்டி சட்டை எடுத்து வைத்து, பிளாஸ்கில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருப்பாள். அவ்வளவுதான்.

பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் சுராயாவிடம் துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினாள்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் நேரம் அது. பஸ் முழுக்கக் கிராமத்து ஜனம். மொட்டையடித்த குழந்தைகள், தலையில் மூட்டை, கையில் சோளப்பொரி. வெள்ளைத் துப்பட்டிக்குள் ஒரு முஸ்லிம் அம்மா நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அவளிடம் என்ன கேட்பது என்று வஹீதா மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். பாலம் தாண்டுவதற்குள் ஒன்று தவிர மற்றதெல்லாம் மறந்துபோனது.

டாக்டரிடம் கேட்டு வாங்கியிருந்த விலாசத்தை வைத்து, மூலத்தோப்பில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். முன்பக்கம் வீட்டுக்காரி அழகம்மாள் குடியிருக்க, பின்பக்கத்து ஒற்றை அறையில் டீச்சர் இருந்தாள். கதவைத் திறந்தவள் திடுக்கிடவில்லை.

“வாங்க” என்றாள். “வருவீங்கன்னு நினைச்சேன்.”

ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் மாதா படம். ரோசரி அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே எங்கோ நாயனச் சத்தம்.

“அவங்க இங்கே வருவாங்களா?” வஹீதா கேட்டாள். மறக்காமல் கொண்டுவந்த ஒரே கேள்வி அதுதான்.

“இல்லீங்க.”

“பொய் சொல்ல வேணாம். எனக்கு வயசாயிடுச்சு. எதையும் தாங்கிப்பேன்.”

“மாதா மேல ஆணையா இல்லீங்க. ஒரு தடவைகூட வரலை.”

பிறகு ரோசரியே சொன்னாள். அவளுடைய அப்பா தாஜுதீனின் வாப்பாவிடம் தோல் மண்டியில் கணக்கப்பிள்ளை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில்தான் பழக்கம். ஐம்பத்திரண்டில் அந்த ஏலம். ரெண்டு வாட்சையும் தாஜுதீன் சேர்த்தே எடுத்தார். ஒன்றை அவள் கையில் கட்டினார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் நான் என்னுடையதைக் கட்டுவேன் என்றார்.

“அவரை மதம் மாறச் சொல்லி நான் கேக்கலை. என்னையும் அவர் கேக்கலை. கேட்டிருந்தா யாராவது ஒருத்தர் மாறியிருப்போம். அது தெரிஞ்சுதான் ரெண்டு பேருமே கேக்கலை.” ரோசரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “உங்களைப் பேசி முடிச்சதும் ஒரு நாள் வந்து சொன்னாரு. இனிமே நான் வரமாட்டேன் ரோசரி, வந்தா வரப்போறவளுக்குத் துரோகம்னு. சொன்னபடி வரலை. ஒரே ஒரு தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். நீங்களும் இருந்தீங்க. கையில பாப்பா. அவரு உங்களுக்குச் சோடா வாங்கி, கோலியை அமுக்கி, பாட்டிலைத் துடைச்சுக் குடுத்தாரு. அப்பதான் நிமிந்து என்னைப் பார்த்தாரு. பார்த்துட்டு நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் உங்க பக்கமே திரும்பி நின்னாரு.”

வஹீதாவுக்கு அந்தச் சோடா ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை இன்னொருத்தி இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறாள், தனக்கு அது நடந்ததே தெரியாது. அவர் இங்கே வந்து போயிருந்தால் அவளால் திட்ட முடிந்திருக்கும், மண்ணை வாரித் தூற்ற முடிந்திருக்கும். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. கோபப்படக்கூட அவளுக்கு எதையும் விட்டு வைக்காமல் போயிருக்கிறார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“என்கூட அவங்க சந்தோஷமா இருந்தாங்களா?”

ரோசரி திகைத்துப்போனாள். “நான் எப்படிம்மா சொல்ல முடியும்? உங்களுக்குத்தானே தெரியும்?”

“எனக்குத் தெரியலீங்க” என்றாள் வஹீதா. “போட்டிக்கு வர்ற வரைக்கும் தெரியும்னு நினைச்சுட்டிருந்தேன்.”

அதைச் சொன்னதும் அவளுக்கு அடக்க முடியாமல் வந்துவிட்டது. துப்பட்டியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ரோசரி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

“கடைசியில ரொம்பப் பாடுபட்டாரா?” என்று மெல்லக் கேட்டாள்.

வஹீதா சொன்னாள். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள், ஆனால் கேட்டவுடன் எல்லாம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குத் தலையணை உயரம் பற்றாமல் தன் மடியில் சாய்த்துக்கொண்டது, நொய்க் கஞ்சியில் உப்பு கம்மி என்று குழந்தை மாதிரி கோபித்துக்கொண்டது, மூச்சு வாங்கும்போதும் நர்ஸைப் பார்த்து நீ சாப்பிட்டியாம்மா என்று கேட்டது. உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்து ரெண்டு வார்த்தையோடு பேச்சை மாற்றிக்கொண்டு போனார்கள். மகளுக்கோ சொல்ல ஆரம்பித்தாலே அழுகை. உப்பு கம்மியாக இருந்த கஞ்சியைப் பற்றிக்கூட முழுசாகக் கேட்ட முதல் ஆள் ரோசரிதான். கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்றாள். “உப்பு போட்டுக் குடுத்தீங்களா?” என்றாள்.

“குடுத்தேன். டாக்டர் திட்டுவாருன்னாலும் குடுத்தேன்.”

“நல்லது பண்ணீங்க.”

தன் பெயரை அவர் கடைசியில் சொன்னாரா என்று ரோசரி கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் படும் பாடு வஹீதாவுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை என்ற உண்மையை வஹீதாவும் தானாகச் சொல்லவில்லை.

புறப்பட எழுந்தபோது ரோசரி கதவருகில் வந்து நின்றாள்.

“இந்த மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட். தம்பி பெங்களூருக்கு வரச்சொல்லி ரொம்ப நாளா கூப்பிடறான். போறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணலை.” சற்றுத் தயங்கினாள். “உங்ககிட்ட ஒண்ணு கேப்பேன். அவரை எங்கே அடக்கம் பண்ணியிருக்கீங்க?”

“எங்க பொம்பளைங்க கபருஸ்தானுக்குள்ள போறதில்லீங்க.”

“உள்ளே வேணாங்க. ரோட்டுல நின்னு, எந்தப் பக்கம்னு நீங்க கையைக் காட்டினாப் போதும். ஒரு தடவை.”

இத்தா முடிந்த அன்று, தர்காவுக்குப் போகும் வழியில், ரிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லி இரும்புக் கேட் வழியாக வஹீதா அந்த இடத்தைப் பார்த்திருந்தாள். ஒரு வேப்பமரத்தடி. புல் மூடாத மண் மேடு. அவருடைய சின்ன வயசு, அவருடைய முதல் பிரியம், தினம் காலையில் அவர் எதை நினைத்துச் சாவி கொடுத்தாரோ அது, எல்லாம் இந்த அம்மாவிடம் இருந்தது. அந்த மண்மேடு ஒன்றுதான் தனக்கென்று மீந்திருப்பதாக அந்த நேரத்தில் அவளுக்குப் பட்டது.

“அது மட்டும் என்னால முடியாதுங்க” என்றாள்.

ரோசரி தலையை ஆட்டினாள். “சரிங்க. புரியுது.” குரலில் ஒரு வருத்தமும் காட்டவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்து, கூட்டத்தில் அவளுக்கு வழிவிடச் சொல்லி, ஏற்றிவிட்டாள்.

அந்தச் சொல்லை வஹீதா அதற்கப்புறம் எத்தனை தடவை திருப்பி எடுத்துக்கொள்ளப் பார்த்தாள் என்பதற்கு அளவில்லை. ஒரு வாரம் கோபத்தில் போனது. அப்புறம் நோன்பு வந்தது. நோன்பு முடிந்ததும் சுராயாவுக்கு ரெண்டாவது பிரசவம், மாப்பிள்ளை குவைத்திலிருந்து வந்து போனது, வருஷ ஃபாத்திஹா. ஃபாத்திஹா அன்று வீடு நிறையக் கூட்டம். பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் ஆண்கள் தோல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் நகை பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு ரொம்பப் பிடிக்குமே என்று வஹீதா தாளிச்சாவைக் காட்டிச் சொன்னபோது, ஆமாமா என்று சொல்லிவிட்டு ஒருத்தி ஊறுகாய் கேட்டாள். இதே வார்த்தையைக் கேட்டால் “அப்புறம்?” என்று கேட்கக்கூடிய ஒரு ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று வஹீதாவுக்கு ஞாபகம் வந்தது. அந்த வாரமே ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். போய்க் கூட்டிக்கொண்டு வந்து, கேட் வழியாகக் காட்டி, கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் நின்றுவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தாள்.

பின்பக்கத்து அறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. அழகம்மாள் வெளியே வந்தாள்.

“டீச்சரா? அவங்க ஜூன் மாசமே பெங்களூருக்குப் போயிட்டாங்களே. நீங்க யாரு?”

“தெரிஞ்சவங்க.”

“அப்ப உங்களுக்குச் சேதி வரலையா?” அழகம்மாள் குரலை இறக்கினாள். “போய் மூணு மாசம்கூட இருக்கலீங்க. காமாலையாம். தவறிட்டாங்க. தம்பி எழுதியிருந்தாரு. நல்ல மனுஷி, பாவம்.”

வஹீதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழகம்மாள் உள்ளேயிருந்து பலகை கொண்டு வந்து போட்டாள். உட்காரவைத்துவிட்டு, துக்கம் சொல்லக் கிடைத்த ஆள் என்பதால் தொடர்ந்து பேசினாள்.

“ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மாதிரியா இருந்தாங்க. ஒரு நாள் காலையில குடையை எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனவங்க, சாயங்காலம்தான் வந்தாங்க. முகமெல்லாம் கருத்துப்போச்சு. எங்கே போனீங்கன்னா, ஒருத்தங்க கல்லறையைத் தேடிப் போனேன்னாங்க. துலுக்கங்க அடக்கம் பண்ற இடம் ஒவ்வொண்ணா போய் வாசல்ல நின்னு கேட்டிருக்காங்க. இவங்க கழுத்துல சிலுவையைப் பார்த்துட்டு, நீ யாரு, உனக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்கானுங்க. என்னன்னு சொல்லுவாங்க? ஒண்ணும் சொல்லாம திரும்பிட்டாங்க. கிடைக்கலை அழகம்மான்னாங்க. அதோட அந்தப் பேச்சே எடுக்கலை.”

வஹீதா எழுந்தாள். அழகம்மாள் காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னது அவள் காதில் விழவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு எப்படி நடந்தாள் என்று தெரியவில்லை.

வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கேட் கேட்டாகப் போய் நிற்கும் அந்த உருவம் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த இடத்தைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தான். கையை நீட்டிக் காட்டினால் போதும் என்றுதானே கேட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுராயா, கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி, “எங்கேம்மா போயிட்டீங்க? முகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு?” என்றாள்.

“ஸ்ரீரங்கத்துல தெரிஞ்சவங்க ஒருத்தங்க. மௌத்தாயிட்டாங்களாம்.”

“யாரும்மா? எனக்குத் தெரியுமா?”

வஹீதா பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண்ணின் பெயரை மகளிடம் சொல்வதானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவளுடைய அத்தாவை அவளிடமிருந்து பாதி பிடுங்கிக்கொண்டது போல ஆகிவிடும். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி அழத் தொடங்கினாள். தாஜுதீன் மௌத்தான அன்றுகூட அவள் அப்படிச் சத்தம் போட்டு அழவில்லை.

சுராயா பயந்துபோய்க் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அம்மாவின் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள்.

“அத்தா ஞாபகம் வந்துடுச்சாம்மா?”

“ஆமாம்மா” என்றாள் வஹீதா.